கூப்பிட்டது யார்? – வாசகர் கேள்வி பதில்

இந்த மாதம் வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைச் சுற்றி வருகின்றன. டீபக்கர் என்பது நிரலில் இருக்கும் தவறைத் தேட உதவும் கருவி. அதில் ஸ்டாக் ஃபிரேமைக் கையாளும் இடத்தில் ஒரு பக்கை, அதாவது பிழையை, சரிசெய்தால், அதை ரிவ்யூ செய்பவர் எதைப் பார்க்க வேண்டும்? நான் தினமும் கும்பகோணத்தில் உட்கார்ந்து செய்கிற வேலை இதுதான் என்பதால் முழுப் பகுதியையும் இதற்கே ஒதுக்கிவிட்டேன். பெயர் வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டதால் எல்லோருக்கும் ஊர் மட்டும் போட்டிருக்கிறது.

விவசாயி, திருத்துறைப்பூண்டி பக்கம்: என் மகள் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறாள். "டீபக்கருக்கு ஒரு ஃபிக்ஸ் வந்திருக்குப்பா, ரிவ்யூ பண்றேன்" என்கிறாள். இரண்டு வரி மாற்றத்தைப் பார்க்க இரண்டு நாள் ஆகிறது. அப்படி என்னதான் பார்க்கிறாள்?

சொல்கிறேன் ஐயா. சம்பா நட்ட பிறகு வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் நீங்கள் வயலையே பார்த்துக்கொண்டு நிற்க மாட்டீர்கள். வயல் மடையிலிருந்து வாய்க்கால், வாய்க்காலிலிருந்து மதகு, மதகிலிருந்து ஆறு என்று மேலே மேலே போய்ப் பார்ப்பீர்கள். கடைமடைக்காரருக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை. வெண்ணாறு பிரிகிற கல்லணை வரைக்கும்கூட விசாரித்திருப்பீர்கள். ஒவ்வொரு இடத்திலும் கேள்வி ஒன்றுதான்: இங்கே வர வேண்டியது எங்கிருந்து வர வேண்டும்?

கம்ப்யூட்டர் நிரலிலும் ஒரு ஃபங்ஷன் இன்னொன்றைக் கூப்பிடும், அது வேறொன்றைக் கூப்பிடும். ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் ஸ்டாக் என்ற நினைவகப் பகுதியில் கொஞ்சம் இடம் பிடிக்கப்படும். வேலை முடிந்ததும் எங்கே திரும்பிப் போக வேண்டும் என்ற முகவரி, அதாவது ரிட்டர்ன் அட்ரஸ், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். ஓர் அழைப்புக்கு உரிய அந்த இடம்தான் ஸ்டாக் ஃபிரேம். நிரல் பாதியில் விழுந்துவிட்டால், விழுந்த இடத்திலிருந்து "உன்னைக் கூப்பிட்டது யார், அவரைக் கூப்பிட்டது யார்" என்று டீபக்கர் மேலே ஏறிப் போய் ஒரு பட்டியல் தரும். அதற்குப் பேக்டிரேஸ் என்று பெயர்.

ஆனால் மதகு கண்ணுக்குத் தெரியும், ஃபிரேம் தெரியாது. நினைவகத்தில் இருப்பது எல்லாம் வெறும் எண்கள். "ஃபிரேம் இங்கே ஆரம்பம், இங்கே முடிவு" என்று எங்கும் எழுதி ஒட்டியிருக்காது. நாம் எழுதியதை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கம்பைலர் விட்டுவிட்டுப் போன குறிப்புகளையும் அந்தந்த இயந்திரத்தின் வழக்கத்தையும் வைத்து டீபக்கர் கணித்துத்தான் சொல்கிறது. உங்கள் மகளிடம் வருகிற இரண்டு வரி, அந்தக் கணிப்பின் விதியை மாற்றுகிறது. விதி மாறினால் அந்த டீபக்கரில் ஓடும் எல்லா நிரலுக்கும் மாறும். எந்த நிரலில் இந்தப் புது விதி பொய்யாகும் என்று உட்கார்ந்து யோசிக்கிறாள். இரண்டு நாள் நியாயமான நேரம்தான்.

மன்னார்குடிக்காரர், சென்னையில் டீபக்கர் குழு ஒன்றில் வேலை: நிரலை அங்கேயே நிறுத்திவிடும் அபார்ட் என்ற ஃபங்ஷனைக் கூப்பிட்டு விழுந்த ஒரு நிரலின் பேக்டிரேஸில், யாருமே கூப்பிடாத ஒரு ஃபங்ஷனின் பெயர் வந்தது. தேடிப் பார்த்ததில் காரணம் தெரிந்துவிட்டது: ரிட்டர்ன் அட்ரஸ் அடுத்த ஃபங்ஷனின் முதல் பைட்டில் போய் விழுகிறது. நிரல் நின்ற இடத்தின் ஃபிரேம் எண் 0, அதைக் கூப்பிட்டவர் 1 என்று எண்ணுவோம். "ஃபிரேம் எண் 0-க்கு மேல் இருந்தால் முகவரியில் ஒன்றைக் கழி" என்று இரண்டு வரி சேர்த்தேன். பக் போய்விட்டது. ரிவ்யூ செய்த அக்கா "ஃபினிஷ் கொடுத்தால்? சிக்னல் வந்தால்? இன்லைன் ஆகியிருந்தால்?" என்று மட்டும் எழுதித் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டு வரிக்கு இவ்வளவு கேள்வியா?

காரணத்தை நீங்கள் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். பாதிப் பேர் அறிகுறியை மட்டும் மறைத்துவிட்டு வருவார்கள், நீங்கள் அப்படிச் செய்யவில்லை. மற்ற வாசகர்களுக்காக அதைக் கொஞ்சம் விரித்துச் சொல்லிவிட்டு அந்த அக்காவின் கேள்விகளுக்கு வருகிறேன்.

எக்ஸ்86-64 (வழக்கமான இன்டெல், ஏஎம்டி கணினி) இயந்திரத்தில் ஒரு சாதாரண அழைப்புக் கட்டளை 5 பைட் நீளம். உங்கள் ஃபங்ஷனின் கடைசிக் கட்டளை 401170 என்ற முகவரியில் இருக்கிறது, அது அபார்ட்டைக் கூப்பிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். எல்லாம் பதினாறு அடிமான எண்கள். அழைப்பு நடந்ததும் அதற்கு அடுத்த முகவரியான 401175 ரிட்டர்ன் அட்ரஸாக ஸ்டாக்கில் ஏறும். ஆனால் அபார்ட் ஒருநாளும் திரும்பி வராது. அது கம்பைலருக்கும் தெரியும். அதனால் அழைப்புக்குப் பிறகு ஒரு கட்டளையும் எழுதாமல் அங்கேயே ஃபங்ஷனை முடித்துவிடும். 401175-ல் அடுத்த ஃபங்ஷன் தொடங்கிவிடும். டீபக்கர் அப்பாவியாக "401175 யாருடைய வீடு" என்று தேடினால், பக்கத்து வீட்டுக்காரர் பெயரைத்தான் சொல்லும். ஒன்றைக் கழித்து 401174 என்று தேடினால் அழைப்புக் கட்டளையின் வயிற்றுக்குள் விழும், சரியான பெயர் கிடைக்கும். யோசனை சரி. ஜிடிபி என்ற டீபக்கரும் இதைத்தான் செய்கிறது.

இப்போது ஃபினிஷ். கழித்த எண்ணை எங்கே வைத்தீர்கள் என்று கேட்கிறார். பெயர் தேடும்போது மட்டும் கழித்தால் சரி. ஃபிரேமின் முகவரியாகவே 401174-ஐ வைத்துவிட்டால் கதை வேறு. ஃபினிஷ் என்ற கட்டளை, கூப்பிட்டவரிடம் திரும்பும் இடத்தில் ஒரு தற்காலிக பிரேக்பாயிண்ட், அதாவது நிரல் நிற்க வேண்டிய குறி, வைக்கும். எக்ஸ்86-ல் பிரேக்பாயிண்ட் என்பது அந்த முகவரியில் ஒரு பைட்டை மாற்றி எழுதுவது. இதே முகவரிகளில் அபார்ட்டுக்குப் பதில் திரும்பி வரும் ஃபங்ஷன் ஒன்றைக் கூப்பிட்டதாக வைத்துக்கொள்வோம். 401174-ல் எழுதினால் அழைப்புக் கட்டளையின் கடைசி பைட் கெட்டுப் போகும். நிரல் திரும்பி வந்து நிற்பதோ 401175-ல், அங்கே பிரேக்பாயிண்ட் இல்லை. அதனால் நிற்காது. அதற்குள் அதே அழைப்பு இன்னொரு முறை ஓடினால் எங்கேயோ போய்க் குதிக்கும். டீபக்கரே நிரலைக் கெடுத்ததாகிவிடும். உங்கள் பேட்ச்சில் (நீங்கள் அனுப்பிய மாற்றத்தில்) எந்த மாறியில் கழித்தீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அதை முதலில் பாருங்கள்.

அடுத்து சிக்னல், அதாவது ஓடும் நிரலைக் குறுக்கிட்டு இயங்குதளம் தரும் அறிவிப்பு. அந்த அக்கா மூன்றில் எதையும் வீணாகக் கேட்கவில்லை என்றாலும், இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். ஒன்றைக் கழிப்பதற்கு நியாயம், "கூப்பிட்டுவிட்டுக் காத்திருக்கிறார், ஆகையால் முகவரி அழைப்புக்கு அடுத்ததைக் காட்டுகிறது" என்பது. சிக்னலால் குறுக்கிடப்பட்ட ஃபங்ஷன் யாரையும் கூப்பிடவில்லை. அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, இயங்குதளத்தின் மையமான கர்னல் நடுவில் நிறுத்திவிட்டு, அந்தச் சிக்னலைக் கவனிக்கும் ஹேண்ட்லர் என்ற ஃபங்ஷனை ஓடவிட்டது. அதன் முகவரி அப்படியே துல்லியமானது, கழிக்கக் கூடாது. எங்கே உதைக்கும் தெரியுமா? ஸ்டாக் நிரம்பி வழிந்து, ஒரு ஃபங்ஷனின் முதல் கட்டளையான, ஸ்டாக்கில் ஒரு மதிப்பை ஏற்றும் புஷ்ஷிலேயே நிரல் விழுகிறது. தனி ஸ்டாக்கில் சிக்னல் ஹேண்ட்லர் ஓடுகிறது. நீங்கள் ஹேண்ட்லரில் நின்று பேக்டிரேஸ் கேட்கிறீர்கள். விழுந்த ஃபங்ஷனின் ஃபிரேம் எண் 2. உங்கள் விதி ஒன்றைக் கழிக்கும், அந்த ஃபங்ஷனுக்கு முந்தைய ஃபங்ஷனின் பெயர் வரும். நீங்கள் எந்த பக்கைச் சரிசெய்ய வந்தீர்களோ, அதே பக் எதிர்ப்பக்கமாகத் திரும்பிவிட்டது.

இரண்டுக்கும் நடுவில் 1 என்ற எண்ணில் ஒரு ஃபிரேம் இருக்கும். ஜிடிபி அந்த இடத்தில் "சிக்னல் ஹேண்ட்லர் கால்டு" என்று ஒரு வரி போடும். ஹேண்ட்லர் முடிந்ததும் திரும்பிப் போகிற சிறு துண்டு நிரல் அது. அதையும் யாரும் அழைப்புக் கட்டளையால் கூப்பிடவில்லை, கர்னல் அதன் முதல் பைட்டின் முகவரியை ஸ்டாக்கில் வைத்துவிட்டது. அங்கே ஒன்றைக் கழித்தால் துண்டுக்கு வெளியே விழுவோம். எக்ஸ்86-64 லினக்ஸில் சி மொழியின் அடிப்படை நூலகமான ஜிலிப்சியை எழுதியவர்கள் இதை எதிர்பார்த்தே அந்தத் துண்டுக்கு முன்னால் ஒன்றும் செய்யாத ஒரு நாப் கட்டளையை வைத்து, அன்வைண்ட் குறிப்பையும் (ஃபிரேமிலிருந்து ஃபிரேமுக்கு மேலே ஏறும் வழியைச் சொல்வது) ஒரு பைட் முன்னாலிருந்தே தொடங்க வைத்திருக்கிறார்கள். கழித்துப் பார்க்கும் டீபக்கர்களுக்காகவே செய்த ஏற்பாடு. அந்தக் குறிப்பில் "எஸ்" என்ற ஓர் எழுத்து இருந்தால் "இது சிக்னல் ஃபிரேம், இதற்கு மேலே இருப்பதற்குக் கழிக்காதே" என்று பொருள். இவ்வளவு பேர் இந்த ஒரு பைட்டுக்காக மெனக்கெட்டிருக்கிறார்கள் என்று தெரிந்தால் அந்த அக்காவின் கேள்வி நீளமாகத் தோன்றாது.

மூன்றாவது இன்லைன். கம்பைலர் ஒரு சின்ன ஃபங்ஷனை, கூப்பிடுகிறவரின் உடம்புக்குள்ளேயே கரைத்துவிட்டது. படிப்பவருக்குப் புரிய வேண்டும் என்பதற்காக டீபக்கர் அதையும் தனி ஃபிரேமாகக் காட்டும். ஃபிரேம் 0 இன்லைன் ஆனது, ஃபிரேம் 1 அதை விழுங்கிய உண்மையான ஃபங்ஷன். இரண்டுக்கும் ஒரே முகவரி, ஏனென்றால் நடுவில் அழைப்பே நடக்கவில்லை. உங்கள் விதி எண் 1 என்பதைப் பார்த்துவிட்டுக் கழிக்கும். வரி எண் ஒன்று முன்னால் போய் நிற்கும், சில சமயம் வேறு ஃபங்ஷனே வரும்.

ஆக, ஃபிரேமின் எண்ணைக் கேட்காதீர்கள், அதன் வகையைக் கேளுங்கள். "என்னால் கூப்பிடப்பட்டதாகக் காட்டப்படும் ஃபிரேம் உண்மையான அழைப்பால் வந்ததா?" ஆம் என்றால் கழியுங்கள். அது இன்லைன் என்றால் அதைத் தாண்டி முதல் நிஜ ஃபிரேம் எது என்று பார்த்து, அதிலிருந்து முடிவெடுங்கள். ஜிடிபியில் இருக்கிற நிபந்தனை இப்படித்தான் இருக்கிறது. உங்களுடையதைவிட நீளம், ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு காரணம் இருக்கிறது.

அப்புறம் டெஸ்ட். நீங்கள் டெஸ்ட் சேர்த்ததாகச் சொல்லவில்லை. உங்கள் இரண்டு வரியை எடுத்துவிட்டால் தோற்க வேண்டும், போட்டால் ஜெயிக்க வேண்டும். இரண்டையும் ஓட்டிப் பார்க்காத டெஸ்ட்டை நான் ரிவ்யூவில் ஏற்றுக்கொள்வதில்லை. இந்த பக்கில் இன்னொரு கண்ணி இருக்கிறது. சில கம்பைலர்கள், சில மேம்படுத்தல் நிலைகளில், இரண்டு ஃபங்ஷனுக்கும் நடுவில் இட்டு நிரப்பும் பைட்கள் போடும். அப்போது 401175-ல் அடுத்த ஃபங்ஷன் தொடங்கவே தொடங்காது, உங்கள் டெஸ்ட் எதையும் சோதிக்காமலேயே ஜெயித்துவிடும். அதனால் டெஸ்ட்டின் முதல் வேலை, ரிட்டர்ன் அட்ரஸும் அடுத்த ஃபங்ஷனின் தொடக்கமும் நிஜமாகவே ஒன்றா என்று பார்ப்பது. இதற்கு அசெம்பிளியில் கையால் எழுதிய சின்னக் கோப்பு நல்லது. சிக்னலுக்கு ஒன்று, இன்லைனுக்கு ஒன்று, ஃபினிஷுக்கு ஒன்று தனித்தனியாக எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. செல்போன்களில் இருக்கும் ஆர்ம் இயந்திரத்தில், தம்ப் என்ற சிறிய கட்டளைகளின் முறையில் ஓடும் நிரலின் ரிட்டர்ன் அட்ரஸில் கடைசி பிட் எப்போதும் 1 என்று இருக்கும். அது முகவரியின் பகுதி இல்லை, முறையைக் குறிக்கும் அடையாளம். அதை நீக்காமல் ஒன்றைக் கழித்தால் கழித்த மாதிரியே ஆகாது, அதே ரிட்டர்ன் அட்ரஸில்தான் நிற்பீர்கள். உங்கள் குழு ஆர்ம்முக்கும் வேலை பார்க்கிறது என்றால் அந்த அக்காவின் அடுத்த கேள்வி அதுவாக இருக்கும்.

வலங்கைமான், பெயர் வேண்டாம்: எனக்கு வேலை வாங்கிக் கொடுத்தவரே எங்கள் ஊர் அண்ணன்தான். அவர் எழுதிய ஃபிரேம் ஃபிக்ஸ் ஒன்று ரிவ்யூவுக்கு என்னிடம் வந்திருக்கிறது. அதில் ஓர் ஓட்டை தெரிகிறது. அவரிடம் எப்படிச் சொல்வது? போனில் சொல்லிவிட்டு, ரிவ்யூவில் "சரி" என்று போட்டுவிடலாமா?

போனில் தாராளமாகப் பேசுங்கள், "அண்ணே" என்றே பேசுங்கள். ஆனால் ரிவ்யூவில் "சரி" என்று மட்டும் போடாதீர்கள். ரிவ்யூவில் எழுதுவது அவருக்காக மட்டும் இல்லை. சில வருடம் கழித்து அந்த வரியைத் தொடப்போகிறவர், "இந்த நிபந்தனை ஏன் இங்கே இருக்கிறது" என்று தேடிக்கொண்டு வருவார். போனில் பேசியது அவருக்குக் கிடைக்காது.

எழுதும்போது அண்ணனைப் பற்றி எழுதாதீர்கள், ஃபிரேமைப் பற்றி எழுதுங்கள். "நீங்கள் இதைக் கவனிக்கவில்லை" என்பதற்குப் பதிலாக, "இந்த இடத்தில் ஃபிரேம் 0 இன்லைன் ஆக இருந்தால் இந்த வரி என்ன முகவரி தரும்? நான் ஓட்டிப் பார்த்தபோது இப்படி வந்தது" என்று எழுதி, கீழே வெளியீட்டை ஒட்டிவிடுங்கள். வெளியீட்டோடு வரும் கேள்வியில் பெரியவர் சின்னவர் பேச்சுக்கு இடமில்லை. நல்ல அண்ணன் என்றால் சந்தோஷப்படுவார். நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் அப்படித்தான்.

இன்னொன்று, ஜிடிபி மாதிரித் திட்டங்களில் ஒப்புதல் ஒரே மாதிரி இல்லை. "டெஸ்டட் பை" என்றால் ஓட்டிப் பார்த்தேன் என்று அர்த்தம். "ரிவ்யூட் பை" என்றால் படித்துப் பார்த்தேன், எனக்குத் தெரிந்த அளவில் சரி. "அப்ரூவ்டு பை" போடுகிற உரிமை அந்தப் பகுதியின் பராமரிப்பாளர்களுக்கு மட்டும். எதைச் செய்தீர்களோ அதை மட்டும் போடுங்கள். ஓட்டிப் பார்த்தது மட்டும்தான் என்றால் அதைச் சொல்வதும் மரியாதையான விஷயம்தான்.

நாகப்பட்டினம், மென்பொருள் பொறியாளர்: பேக்டிரேஸ் அச்சாகிக்கொண்டிருக்கும்போது டீபக்கரே விழுந்துவிடுகிறது. ஒரு மாறியை அழகாக அச்சிட எழுதிய ஸ்கிரிப்ட், நிரலுக்குள் இருக்கும் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிடும்போது மட்டும் இது நடக்கிறது. கூப்பிட்டு முடித்ததும் ஃபிரேமை மறுபடி கேட்டு வாங்கும்படி ஒரு வரி சேர்த்தேன், சரியாகிவிட்டது. "இது ஓர் இடம், மற்ற இடங்கள்?" என்று கேட்கிறார்கள்.

சரியான கேள்விதான் கேட்டிருக்கிறார்கள். டீபக்கர் ஒவ்வொரு முறையும் ஃபிரேம்களை முதலிலிருந்து கணிக்காது. கணித்ததை ஒரு தற்காலிகச் சேமிப்பில் வைத்துக்கொள்ளும். நிரல் ஓர் அங்குலம் நகர்ந்தாலும் அந்தச் சேமிப்பு முழுக்கப் பொய்யாகிவிடும் என்பதால் மொத்தத்தையும் கொட்டிவிடும். நிரலுக்குள் இருக்கும் ஃபங்ஷனைக் கூப்பிடுவது என்றால் நிரலை ஓடவிடுவது. ஆகவே அச்சிடும் பாதிவழியில் சேமிப்பு காலி. உங்கள் கையில் இருக்கும், ஃபிரேமின் முகவரியை வைத்திருக்கும் பாயிண்டர் மட்டும் இன்னும் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கிறது.

ஓரிடத்தில் மறுபடி வாங்கினால் அந்த இடம் சரியாகும். ஆனால் "மாறியை அச்சிடு" என்ற சாதாரண வேலையே நிரலை ஓடவிடக் கூடும் என்றால், ஃபிரேமைக் காட்டும் அந்தப் பாயிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு எதையாவது மதிப்பிடும் எல்லா இடமும் சந்தேகத்துக்குரியது. ஜிடிபியில் இதே தொல்லை பல இடங்களில் தலைகாட்டியதால், 2022-ல் வெறும் பாயிண்டரை விட்டுவிட்டு ஒரு தனி வகைக்கு மாறினார்கள். அது ஃபிரேமின் அடையாளத்தை நினைவில் வைத்துக்கொண்டு, சேமிப்பு கொட்டப்பட்ட பிறகு தானே போய் மறுபடி தேடி எடுத்துக்கொள்ளும்.

அந்த அடையாளம் என்ன என்பதுதான் ரிவ்யூவில் நான் நின்று பார்க்கும் இடம். முக்கியமாக இரண்டு முகவரிகள்: அழைப்புக்குச் சற்று முன்பு ஸ்டாக்கின் முனை எங்கே இருந்தது என்பதும், ஃபங்ஷன் எங்கே தொடங்குகிறது என்பதும். முதலாவது, ஃபங்ஷன் உள்ளே என்ன புஷ் செய்தாலும் மாறாது என்பதால் அதைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது மட்டும் போதாது. ஸ்டாக்கில் எதுவுமே வைக்காத ஒரு ஃபங்ஷனும், அது கூப்பிட்ட ஃபங்ஷனும், ரிட்டர்ன் அட்ரஸை ரிஜிஸ்டரில் (பிராசஸருக்குள் இருக்கும் சிறு சேமிப்பில்) வைக்கும் இயந்திரங்களில் ஒரே ஸ்டாக் முகவரியில் இருக்க முடியும். இன்லைன் ஃபிரேம்களுக்கு ஸ்டாக் முகவரி எப்போதும் ஒன்றுதான், அங்கே எத்தனையாவது அடுக்கு என்பதும் அடையாளத்தில் சேர வேண்டும். உங்கள் ஒரு வரி, ஃபிரேமை எண்ணை வைத்து மறுபடி வாங்குகிறதா, அடையாளத்தை வைத்து வாங்குகிறதா? எண்ணை வைத்து என்றால் திருப்பி அனுப்பியது நியாயம் என்றே சொல்வேன்.

மயிலாடுதுறை, மூன்றாமாண்டு மாணவர்: டீபக்கரில் நின்றுகொண்டு என் நிரலின் ஒரு ஃபங்ஷனைக் கூப்பிட்டால், நான் நின்ற இடத்தின் லோக்கல் மாறிகள் மாறிப்போகின்றன. எங்கள் ஆய்வக டீபக்கர் நாங்களே எழுதியது. எங்கே தேடுவது?

லினக்ஸ், எக்ஸ்86-64 என்றால் முதலில் ரெட் ஸோனைப் பாருங்கள். அந்த இயந்திரத்துக்கான சிஸ்டம் வி ஏபிஐ என்ற விதித் தொகுப்பு, ஸ்டாக் முனைக்குக் கீழே 128 பைட்டை யாரும் தொடக் கூடாது என்று ஒதுக்கி வைக்கிறது. வேறு யாரையும் கூப்பிடாத ஃபங்ஷன், ஸ்டாக் முனையை நகர்த்தாமலேயே தன் லோக்கல் மாறிகளை அங்கே வைத்துக்கொள்ளலாம். உங்கள் டீபக்கர் ஸ்டாக் முனையிலேயே புது அழைப்பின் ரிட்டர்ன் அட்ரஸை எழுதினால், அந்த மாறிகளின் மேல் எழுதுகிறது. முதலில் 128 பைட் கீழே இறங்கி, பிறகு 16-ன் மடங்குக்கு ஒழுங்குபடுத்தி, அதன்பிறகு எழுதுங்கள். விண்டோஸின் 64 பிட் வழக்கத்தில் இந்த ஒதுக்கீடு கிடையாது. அதனால் 128 என்ற எண்ணைப் பொதுவான இடத்தில் எழுதாமல் இயந்திரம், இயங்குதளம் சார்ந்த இடத்தில் வையுங்கள்.

தஞ்சாவூர்: ஃபிரேம் பாயிண்டரைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள் என்கிறார்களே. இனிமேல் டீபக்கர்காரர்களுக்கு வேலை சுலபம்தானே?

ஃபிரேம் பாயிண்டர் என்பது நடப்பு ஃபிரேமின் இடத்தைக் காட்டும் ரிஜிஸ்டர், எக்ஸ்86-64-ல் ஆர்பிபி. ஒவ்வொரு ஃபிரேமிலும் கூப்பிட்டவரின் ஆர்பிபி சேமிக்கப்பட்டிருப்பதால் அது ஒரு சங்கிலி போல இருக்கும். அதைத் திரும்பக் கொண்டுவந்திருப்பது உண்மை. 2023-ல் வந்த ஃபெடோரா 38, 2024-ல் வந்த உபுண்டு 24.04 என்ற லினக்ஸ் வெளியீடுகள் இரண்டிலும் தொகுப்புகளை ஃபிரேம் பாயிண்டரோடு கம்பைல் செய்கிறார்கள். நல்ல முடிவு. ஆனால் அது முக்கியமாக, நிரலின் நேரம் எங்கே செலவாகிறது என்று அளக்கும் புரொஃபைலர்களுக்காக. ஒரு வினாடிக்குள் பலமுறை ஸ்டாக்கை ஏறிப் பார்க்க வேண்டியவர்களுக்கு அந்தச் சங்கிலி வேகமான வழி. டீபக்கர் அதையே நம்பி உட்கார முடியாது. ஃபங்ஷனின் முதல் கட்டளையில் பிரேக்பாயிண்ட் வைத்து நிறுத்துங்கள். அப்போது ஆர்பிபி ரிஜிஸ்டரில் இருப்பது இன்னும் கூப்பிட்டவரின் மதிப்பு, ஏனென்றால் புஷ் இன்னும் நடக்கவில்லை. அதை நம்பிச் சங்கிலியில் ஏறினால், கூப்பிட்டவரையே தாண்டி அவரைக் கூப்பிட்டவரிடம் போய் நிற்போம். பட்டியலில் ஒருவர் சத்தமில்லாமல் காணாமல் போவார். டீபக்கருக்கு ஒவ்வொரு கட்டளையிலும் சரியாக இருக்கும் குறிப்பு வேண்டும். அது கம்பைலர் எழுதிவைக்கும், ட்வார்ஃப் என்ற வடிவிலான அன்வைண்ட் தகவலில்தான் இருக்கிறது.

திருவாரூர், முதலாமாண்டு மாணவி: இதெல்லாம் படிக்க ஆசையாக இருக்கிறது அக்கா. பேட்ச் ரிவ்யூ செய்கிற அளவுக்கு வர எங்கிருந்து தொடங்குவது? கல்லூரியில் டீபக்கர் சொல்லித் தரவில்லை.

ஒரு லேப்டாப்பும் ஜிடிபியும் போதும். 1986-ல் ரிச்சர்ட் ஸ்டால்மன் எழுதிய அந்த டீபக்கர் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது, எந்த லினக்ஸிலும் ஓடும்.

ஃபேக்டோரியல் கணக்கிடும் ஃபங்ஷன் ஒன்றைத் தன்னைத்தானே கூப்பிடும்படி சி மொழியில் எழுதுங்கள். மேம்படுத்தல் இல்லாமல், டீபக் தகவலோடு கம்பைல் செய்யுங்கள். கடைசி அழைப்பில், ஃபங்ஷனின் உடம்புக்குள் நிறுத்திவிட்டு, டீபக்கரிடம் பேக்டிரேஸ் கேட்காதீர்கள். ஒரு நீளத் தாளை எடுத்துக்கொள்ளுங்கள். ஆர்பிபி காட்டும் முகவரியிலிருந்து, நினைவகத்தைக் காட்டும் எக்ஸ் கட்டளையால் 16 பைட்டைப் பாருங்கள். முதல் 8 பைட், கூப்பிட்டவரின் ஆர்பிபி. அடுத்த 8 பைட், ரிட்டர்ன் அட்ரஸ். இரண்டையும் தாளில் எழுதிவிட்டு, முதல் எண்ணைப் பிடித்து அடுத்ததற்குப் போங்கள். மெயின் ஃபங்ஷன் வரும்வரை இப்படியே. நான் இன்றும் சிக்கலான பேட்ச் வந்தால் தாளில் பெட்டி பெட்டியாக ஸ்டாக்கை வரைந்துதான் பார்க்கிறேன், முகவரி குறையும் திசையைக் கீழ்ப்பக்கமாக வைத்து.

முடித்த பிறகு பேக்டிரேஸும் இன்ஃபோ ஃபிரேமும் கொடுத்து உங்கள் தாளோடு ஒப்பிடுங்கள். அடுத்து அதே நிரலை இரண்டாம் நிலை மேம்படுத்தலோடு கம்பைல் செய்து பாருங்கள். ஃபேக்டோரியலின் அடுக்கடுக்கான ஃபிரேம்கள் அநேகமாக மறைந்திருக்கும், கம்பைலர் தன்னைத்தானே கூப்பிடுவதை வெறும் சுழற்சியாக மாற்றியிருக்கும். அது டீபக்கரின் பக் இல்லை. அது ஏன் பக் இல்லை என்பதை உங்கள் சொந்த வார்த்தையில் ஒரு பக்கம் எழுதிப் பாருங்கள். ரிவ்யூவில் செய்கிற வேலை பெரும்பாலும் அந்த மாதிரி விளக்கத்தை எழுதுவதுதான்.

தாளில் வந்த முகவரியும் டீபக்கர் சொன்னதும் எங்கேயாவது ஒத்துப்போகவில்லை என்றால் தாளைப் படம் எடுத்து இந்தப் பகுதிக்கு அனுப்புங்கள். நிரலையும், எந்த கம்பைலர், எந்தப் பதிப்பு என்பதையும் சேர்த்து அனுப்பினால் அடுத்த இதழிலேயே எடுத்துக்கொள்கிறேன்.